மூன்றாம் நாள் வலி

கொசஸ்தலை ஆறு எண்ணூர்க் கழிமுகத்தை நெருங்கும் பகுதியில் அமைந்தது வள்ளூர். ஆற்றின் குறுக்கேயுள்ள வள்ளூர் அணைக்கட்டு சுற்றுப்புற வயல்களுக்குக் கால்வாய் வழியே நீர் தருகிறது. அதே ஊரின் பெயரைத் தாங்கி 1,500 மெகாவாட் ஆற்றலுள்ள அனல் மின் நிலையமும் நிற்கிறது. வயலும் ஆலையும் துறைமுகமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும் இவ்வட்டாரத்தில், பன்னிரண்டு மாதமும் ஒரே தொழிலை நம்பி வாழ்பவர் சிலரே. உழவர் கோடையில் கட்டட வேலைக்குப் போகிறார். நெசவாளர் அடைமழையில் சுமை வேலைக்குப் போகிறார்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நெசவாளர் படும் பாட்டை இப்பத்திரிகை அன்பர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போட வெயில் இராது. தறிக்குழியில் ஈரம் ஊறும். நூல் நமுத்துப் போகும். அப்படிப்பட்ட ஓர் அடைமழை நாளில் நமது சங்க அங்கத்தினர் ஒருவர், நாற்பது வயதுக்கு உட்பட்டவர், நோய் நொடி அறியாத உடல் வாய்ந்தவர், உர மூட்டைக் கிடங்கு ஒன்றுக்குத் தினக்கூலியாகச் சென்றார். லாரியிலிருந்து சாய்த்துப் போட்ட பலகையின் வழியே 50 கிலோ மூட்டையை முதுகில் தாங்கி இறங்கி, கிடங்கினுள் அடுக்குவது வேலை. முதல் நாள் மாலை வீடு திரும்பியபோது சோர்வு இருந்ததேயன்றி வலி இல்லை. இரண்டாம் நாள் காலையில் தொடை இறுகிக் கிடந்தது. ஒருவாறு சமாளித்து வேலைக்குப் போய் வந்தார். மூன்றாம் நாள் திண்ணையிலிருந்து இறங்குவதற்கே சுவரைப் பிடித்துக்கொள்ள நேர்ந்தது.

கிடங்கு மேஸ்திரி அவரைக் கண்டதும், "முந்தாநாள் முழுக்க ஓடியாடி மூட்டை இறக்கினவன் இன்னிக்கு நொண்டுறான். நடிப்புக்கும் ஒரு அளவு வேணாமா?" என்று நாலு பேர் முன்னிலையில் கேட்டுவிட்டார். அன்றைக்கு அரைக் கூலி. மறுநாள் முதல் வேலை இல்லை. வீட்டாருக்கோ விஷக் காய்ச்சலோ என்ற அச்சம். அண்டை வீட்டு அம்மையார் கண்ணேறு கழித்தார். கடைத்தெருவில் யாரோ ஓர் ஊசி போட்டு அனுப்பினார். ஏழாம் நாள் வலி தானே போயிற்று. புகழ் முழுவதும் ஊசிக்குச் சேர்ந்தது.

அவர் கேட்ட கேள்வி எளியது. "பாரம் தூக்கியது முதல் நாள். வலி ஏன் மூன்றாம் நாள் வரவேண்டும்? அன்றே வலித்திருந்தால் மேஸ்திரியும் நம்பியிருப்பாரே!" இக்கேள்விக்கு விஞ்ஞானிகள் நூறாண்டுக்கு மேலாக விடை தேடியிருக்கிறார்கள். அவ்விடையில் பெரும்பகுதி இப்போது தெளிவாகியிருக்கிறது. அது கூலியையும் மானத்தையும் பற்றிய செய்தியாகவும் இருத்தலால், சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம்.

திருத்தணி மலைக்குச் சென்றவர் யாவரும் ஓர் அனுபவத்தை அறிவர். முருகன் கோயிலுக்குச் செல்லும் 365 படிகளை ஏறும்போது மூச்சு வாங்குகிறது. நடுவில் இரண்டு மூன்று முறை உட்கார்கிறோம். தரிசனம் முடிந்து இறங்கும்போதோ ஊர்க்கதை பேசிக்கொண்டே இறங்குகிறோம், களைப்பே தோன்றுவதில்லை. ஆயின் வீடு வந்து இரண்டு நாள் கழித்துத் தொடையும் கெண்டைக்காலும் பிடித்துக்கொள்ளும்போது, 'ஏறியதன் பலன்' என்று படியேற்றத்தின் மேல் பழி போடுகிறோம். உண்மையில் வலியைத் தந்தது இறக்கமே.

தசை எதையும் தள்ளுவதில்லை. இழுக்க மட்டுமே அதற்குத் தெரியும். குடத்தை இடுப்புக்குத் தூக்கும்போது கையின் தசை சுருங்கிக்கொண்டே இழுக்கிறது. இதை ஏற்ற உழைப்பு என்போம். அதே குடத்தைத் தரையில் ஓசைப்படாமல் வைக்கும்போது என்ன நிகழ்கிறது? தசை இழுப்பதை விட்டுவிடுவதில்லை. விட்டால் குடம் 'டொம்' என்று விழும். இழுத்தபடியே, பாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்து, தசை நீள்கிறது. இழுவையும் நீட்சியும் ஒரே கணத்தில் நிகழும் இவ்வுழைப்பை விஞ்ஞானிகள் 'எக்ஸென்ட்ரிக்' என்று வழங்குவர். நாம் இக்கட்டுரையில் இறக்க உழைப்பு என்றே குறிப்போம். பலகையில் சுமையோடு இறங்குதல், மூட்டையை மெல்லத் தரையில் வைத்தல், பனையேறி மரத்திலிருந்து இறங்குதல், கிணற்றுப் படியில் இறங்குதல், மேட்டுநிலத்திலிருந்து பாரவண்டியைப் பின்னிழுத்துப் பிடித்தபடி வருதல் ஆகிய யாவும் இவ்வகையைச் சேர்ந்தவை.

கிணற்றில் நீர் இறைத்தவருக்கு இது எளிதில் விளங்கும். நிறைகுடத்தைத் தாம்புக்கயிற்றால் மேலே இழுக்கும்போது தோள் களைக்கும். உள்ளங்கைக்கு ஒன்றும் ஆவதில்லை. அதே பாரத்தைக் கயிற்றை நழுவவிட்டபடியே கீழே இறக்கிப் பாருங்கள். தோள் களைப்பதில்லை, உள்ளங்கைத் தோல் உரிகிறது. இறக்க உழைப்பில் தசைக்குள் நடப்பதும் ஏறத்தாழ இத்தகையதே.

1952-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அபட், பிக்லண்ட், ரிட்சி என்னும் மூன்று ஆராய்ச்சியாளர் இதை வேடிக்கையான ஓர் ஏற்பாட்டினால் மெய்ப்பித்தனர். இரண்டு சைக்கிள்களை ஒன்றுக்கொன்று முதுகு காட்டி நிறுத்தி, ஒரே சங்கிலியால் பிணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிப்பார். மற்றவர் தம் பக்கம் பின்னோக்கிச் சுழலும் மிதிகட்டைகளைக் காலால் தடுத்துக்கொண்டிருப்பார். இருவர் கால்களும் தாங்கிய விசை ஒன்றே. ஆயின் மிதித்தவர் செலவழித்த பிராணவாயு, தடுத்தவர் செலவழித்ததைப்போல, வேகத்துக்கேற்ப இரண்டு மடங்குக்கு மேலும் சில சமயம் ஐந்து மடங்கு வரையிலும் இருந்தது. லண்டன் ராயல் சொசைட்டியில் இச்சோதனையைக் காட்டியபோது, உருவில் சிறிய பெண்மணி ஒருவர் அலட்டிக்கொள்ளாமல் தடுத்துக்கொண்டிருக்க, எதிர்ப்புறம் மிதித்த வாலிபர் களைத்துப்போனாராம். அவையோர் அதைக் கண்டு மிகவும் ரசித்ததாகக் குறிப்பு உண்டு.

இதிலேதான் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. இறக்க உழைப்பு மலிவானது. அதற்குக் குறைந்த எண்ணிக்கைத் தசைநார்களே வேலைக்கு அழைக்கப்படுகின்றன. ஆதலால் மூச்சும் வாங்குவதில்லை, இதயமும் பதைப்பதில்லை. ஆனால் அழைக்கப்பட்ட சில நார்களின் தலையில் முழுப் பாரமும் விழுகிறது. நாலு பேர் தூக்கவேண்டிய தேர்வடத்தை இருவர் தோளில் ஏற்றினாற்போல. 'இன்னும் பத்து மூட்டை இறக்கலாம்' என்று மூச்சு சொல்லும். அந்த மூச்சை நம்பி வேலை செய்பவர் தசையின் கணக்கை அறியமாட்டார்.

தசையின் உள்ளமைப்பை நெசவாளருக்கு விளக்குதல் எளிது. ஒரு தசை என்பது பல்லாயிரம் நார்கள் சேர்ந்த கட்டு; ஒவ்வொரு நாரும் அதனினும் நுண்ணிய இழைகள் சேர்ந்த புரி. அந்த இழையை நுண்பெருக்கியில் நோக்கினால், குறுக்கே சீரான கோடுகள் தென்படும். இரண்டு கோடுகளுக்கு இடைப்பட்ட துண்டு, ஒரு மில்லிமீட்டரில் சுமார் 400 அடங்கும் அளவுக்குச் சிறியது. இத்துண்டுகள் ஒவ்வொன்றிலும் பருத்த இழைகளும் மெல்லிய இழைகளும் விரல் கோத்ததுபோல் அமைந்து, ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்வதாலேயே தசை சுருங்குகிறது என்பதை 1954-இல் இரு வேறு குழுவினர் தனித்தனியே கண்டு வெளியிட்டனர். ஒரு குழுவில் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் நீடர்கெர்க்கேயும், மற்றொன்றில் ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் இருந்தனர். இரண்டு ஹக்ஸ்லிகளும் உறவினர் அல்லர் என்பது சுவையான செய்தி.

இனி, பாவில் உள்ள இழை யாவும் ஒரே வலுவுடையன அல்ல என்பதைத் தறியில் அமர்ந்தவர் நன்கு அறிவர். முறுக்குக் குறைந்த இழை முதலில் அறுகிறது. அதன் பாரம் பக்கத்து இழைக்குப் போகிறது. கவனியாமல் மிதித்துக்கொண்டே போனால் ஒரு கையகலம் பாவு குலைந்துவிடுகிறது. தசையிலும் அப்படியே. இழுத்தபடி நீளும்போது எல்லாத் துண்டுகளும் சமமாக நீள்வதில்லை. வலுக்குறைந்த சில, கோத்த விரல் கழன்றதுபோல் அளவுக்கு மீறி நீண்டுவிடுகின்றன. உழைப்பு முடிந்தபின் அவற்றுட் பல மீண்டும் ஒழுங்காகக் கோத்துக்கொள்கின்றன, சில கோத்துக்கொள்வதில்லை. அவற்றைச் சுற்றிய சவ்வும் ஆங்காங்கே கிழிகிறது.

இது வெறும் ஊகமாகவே நெடுங்காலம் இருந்தது. 1902-ஆம் ஆண்டிலேயே பாஸ்டன் நகரத்து உடலியல் அறிஞர் தியோடர் ஹஃப், விரலால் பாரம் இழுக்கச் செய்த சோதனைகளிலிருந்து, மறுநாள் வரும் வலிக்குத் தசைக்குள் நேரும் சிறு கிழிசல்களே காரணமாயிருக்க வேண்டும் என்று எழுதினார். கண்ணால் கண்டது எண்பது ஆண்டு கழித்தே. ஸ்வீடன் நாட்டு ஊமியோ நகரில் ஃபிரிடேன் குழுவினர் ஆட்களை மாடிப்படிகளில் திரும்பத் திரும்ப இறங்கச் செய்து, பின்னர் அவர்கள் கால்தசையில் அரிசியளவு துணுக்கு எடுத்து எலெக்ட்ரான் நுண்பெருக்கியில் நோக்கினர். 1981-இல் முடிவை வெளியிட்டனர். நேர்க்கோடாக இருக்கவேண்டிய குறுக்குக் கோடுகள், அச்சில் சிக்கிய ஊடைபோல் நெளிந்தும் பரந்தும் கிடந்தன. 1983-இல் இங்கிலாந்தில் நியூஹாம் அம்மையார் குழுவினர் செய்த சோதனை இன்னும் தெளிவானது. ஒரே ஆள் 20 நிமிடம் ஒரு பெட்டியின் மேல் ஏறி இறங்கவேண்டும். ஏறுவது எப்போதும் ஒரு காலால், இறங்கும்போது உடலைத் தாங்குவது எப்போதும் மற்றொரு காலால். ஒரே உடல், ஒரே இரத்தம், ஒரே உணவு. ஏறிய காலின் தசையில் பழுது இல்லை. இறங்கிய காலில் பழுது காணப்பட்டது. அதுவும் உடனே எடுத்த துணுக்கைவிட, ஓரிரு நாள் கழித்து எடுத்த துணுக்கில் அதிகமாகக் காணப்பட்டது.

நமது அங்கத்தினரின் கேள்விக்கு இங்கே பாதி விடை கிடைத்துவிடுகிறது. கிழிசல் முதல் நாளே நேர்கிறது. கிழிந்த இடத்தை அப்புறப்படுத்திச் செப்பனிடும் வேலை அதன்பின் தொடங்குகிறது. இரத்தத்தின் வெள்ளணுக்கள் அங்கே கூடுகின்றன. நீர் கோத்துத் தசை சற்றே வீங்குகிறது. நரம்பு முனைகளை எளிதில் கூச்சமுறச் செய்யும் பொருள்கள் சுரக்கின்றன. சும்மா இருக்கும்போது வலியாதது, தொட்டாலும் அசைத்தாலும் வலிப்பது இதனாலேயே. இவ்வலி பெரும்பாலும் 12 மணி முதல் 24 மணி நேரத்துக்குள் தலைகாட்டி, இரண்டாம் மூன்றாம் நாள்களில் உச்சமடைந்து, ஐந்து முதல் ஏழு நாளில் அடங்குகிறது. இடிந்த வீட்டில் சுவர் விழும் ஓசை ஒரு கணம். மண் அள்ளும் கூச்சல் நாலு நாள்.

வலிக்குக் காரணம் 'லாக்டிக் அமிலம் தசையில் தங்கிவிடுவது' என்று பள்ளிக்கூட விளையாட்டு ஆசிரியர்கள் கூறக் கேட்டிருப்பீர்கள். இக்கூற்று பொருந்தவில்லை. அவ்வமிலம் உழைப்பு நின்ற ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே நீங்கிவிடுகிறது. அன்றியும், ஏற்ற உழைப்பில்தான் அது மிகுதியாக உண்டாகிறது; வலியோ இறக்க உழைப்பில் மிகுகிறது. குற்றம் நடந்த இடத்தில் இல்லாதவர்மீது வழக்குப் போட்டதுபோல் ஆயிற்று.

விஞ்ஞானிகளுக்குள் கருத்து வேறுபாடு இல்லாமல் இல்லை. அதே ஊமியோ நகரில் பின்னர் ஆராய்ந்த யூ, தோர்னெல் முதலியோர், நெளிந்த கோடுகள் யாவும் இடிபாடுகள் அல்ல, அவற்றுட் பல புதிய துண்டுகள் கட்டப்படுவதன் அடையாளமே என்று 2002 முதல் வாதிட்டு வந்தனர். இரண்டிலும் உண்மை இருக்கலாம் என்பதே நமக்குத் தோன்றுகிறது. பழைய கூரையைப் பிரிக்கும் ஆளையும் புதிய கூரை வேயும் ஆளையும் ஒரே வீட்டின்மேல் ஒரே நாளில் காண்பதில்லையா?

இனி, வலியைவிட முக்கியமான ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது வலுவிழப்பு. பழக்கமில்லாத கடும் இறக்க உழைப்புக்குப் பின், தசையின் வலு உடனேயே குறைகிறது. கடுமையான சோதனைகளில் பாதியளவுக்குக் குறைந்ததும் உண்டு. வலி வருவதற்கு முன்பே வலு போய்விடுகிறது. வலி போனபின்பும் வலு முழுதும் திரும்புவதில்லை. சிலருக்கு இரண்டு வாரம் வரையிலும் ஆகலாம். ஆகவே, 'வலி தெரியவில்லை, ஆள் சரியாகிவிட்டான்' என்று கணக்கிடுவதும், 'முதல் நாள் வலிக்கவில்லை, ஒன்றும் ஆகவில்லை' என்று கணக்கிடுவதும் ஒருங்கே பிழை.

இதனோடு சேர்ந்து மற்றொன்றும் குலைகிறது. கண்ணை மூடிக்கொண்டாலும் நம் கால் எங்கே இருக்கிறது, எவ்வளவு மடங்கியிருக்கிறது என்பதை நாம் அறிவோம். இருட்டில் படியிறங்குவது இந்த அறிவை நம்பியே. இறக்க உழைப்பால் பழுதுற்ற தசையுள்ளவர்களைச் சோதித்ததில், கையின் நிலையையும் தாம் செலுத்தும் விசையையும் அவர்கள் தவறாக மதிப்பிட்டது தெரியவந்தது. மூன்றாம் நாள் அதே பலகையில் அதே 50 கிலோவுடன் இறங்கும் புதியவர், வலுக்குறைந்த காலோடு மட்டுமல்லாமல், அளவு தவறிய காலோடும் இறங்குகிறார். நமது அங்கத்தினர் வேலையை இழந்தது கெட்டதிலும் ஒரு நன்மை என்று அவருடைய தாயார் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை.

தசைநாரின் சவ்வு கிழியும்போது உள்ளிருக்கும் பொருள்கள் இரத்தத்தில் கசிகின்றன. கிரியாட்டின் கைனேஸ் என்னும் நொதியின் அளவு, சாதாரணமாக இரத்தத்தில் சில நூறு அலகுக்குள் இருப்பது, சிலருக்குப் பல ஆயிரமாக ஏறுகிறது. ஏறும் அளவு ஆளுக்கு ஆள் வெகுவாக மாறுபடுகிறது; வலியின் அளவோடு அது ஒத்துப்போவதும் இல்லை. பெரும்பாலோருக்கு இதனால் கெடுதல் நேர்வதில்லை. ஆயினும் அரிதாக, கசிவு அளவு கடந்துபோய், தசையின் செந்நிறப் பொருள் சிறுநீரகத்தை அடைக்க நேரும். 1941-இல் லண்டன் மாநகரம் குண்டுவீச்சுக்கு இலக்கானபோது, இடிபாடுகளில் கை கால் நசுங்கி மீட்கப்பட்டவர்கள் சில நாளில் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததை பைவாட்டர்ஸ், பீல் என்னும் வைத்தியர்கள் எழுதி வைத்தனர். நசுங்காமலேயே, வெயிலில் தண்ணீர் அருந்தாமல் செய்த பழக்கமற்ற கடும் உழைப்பாலும் இது நேரக்கூடும். சிறுநீர் கடுந்தேநீர் நிறமாகவோ கருங்காப்பி நிறமாகவோ போனால், அல்லது கால் விறைத்து வீங்கி அசைக்கவே முடியாமற்போனால், எண்ணெய் தேய்த்துக்கொண்டு காத்திருக்கலாகாது. அன்றே ஸ்டான்லி அரசு மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்குச் சென்றுவிட வேண்டும். அங்கே நேற்றும் முன்தினமும் என்ன வேலை செய்தோம் என்பதை மறவாமல் சொல்லவேண்டும். பலர் காய்ச்சலைச் சொல்வார்கள், மூட்டையைச் சொல்லமாட்டார்கள்.

சாதாரண வலிக்கு வைத்தியம் அதிகம் இல்லை. மெல்ல நடமாடினால் அப்போதைக்கு இறுக்கம் தளர்கிறது. மெல்லப் பிடித்துவிடுதல் ஓரளவு ஆறுதல் தருகிறது. ஆனால் சிலர் செய்வதுபோல் முழங்கையால் அழுத்தி மிதிப்பது புண்ணைக் கிளறுவதாகும். உழைப்புக்கு முன்னும் பின்னும் கைகால்களை நீட்டி மடக்குவதால் இவ்வலி தடுக்கப்படுவதில்லை என்று பல சோதனைகளைத் திரட்டி ஆராய்ந்தவர்கள் தெரிவித்துள்ளனர். வலி மாத்திரைகள் செப்பனிடும் வேலையை விரைவுபடுத்துவதில்லை. நீர் வற்றிய உடலில் அவற்றுட் சில சிறுநீரகத்துக்கு இடையூறும் செய்யும். மாத்திரை போட்டுக்கொண்டு மூன்றாம் நாள் சுமைக்குப் போவது, அறுந்த இழைகளை முடியாமலே தறியை ஓட்டுவதற்கு ஒப்பாகும்.

ஆனால் தடுப்பு ஒன்று உண்டு. அதை உடல் இலவசமாகவே தருகிறது. ஒருமுறை இறக்க உழைப்பினால் பழுதுற்று ஆறிய தசை, அதே உழைப்பை இரண்டாம் முறை செய்யும்போது வலிப்பதும் குறைவு, வலுவிழப்பதும் குறைவு, ஆறுவதும் விரைவு. இக்காப்பு பல வாரம் நீடிக்கிறது. கைத்தசையில் ஆறு மாதம் வரை ஓரளவு நீடித்ததைக் கண்டுள்ளனர். எவ்வாறு இது நேர்கிறது என்பதற்குப் பல விளக்கங்கள் உள. எலிகளைச் சாய்வுப் பாதையில் இறங்கி ஓடவிட்டு, மற்றொரு கூட்டத்தை ஏறி ஓடவிட்டு ஒப்பிட்டதில், இறங்கி ஓடியவற்றின் தசைநாரில் முன்சொன்ன துண்டுகள் எண்ணிக்கையில் கூடியிருந்தன. பாவில் நீளம் கூடினால் ஒவ்வோர் அங்குலமும் குறைவாக இழுபடும் அன்றோ? நாரின் ஓரத்தில் உறங்கிக்கிடக்கும் உதவி அணுக்களும் விழித்துச் செப்பனிட வருகின்றன. அவற்றை 1961-இல் தவளைத் தசையில் முதலிற் கண்டவர் மௌரோ என்பவர்.

நமக்குப் பயன்படும் செய்தி இதற்கு அடுத்தது. இக்காப்பைப் பெற உடலை நொறுக்கிக்கொள்ள வேண்டியதில்லை. முழு அளவு உழைப்பில் சிறுபகுதியைச் செய்தாலே காப்பின் பெரும்பகுதி கிடைத்துவிடுகிறது. 70 முறை பாரம் இறக்கிப் பெறும் காப்பில் கணிசமான பங்கு 24 முறையிலேயே கிடைத்தது. பின்னர் வந்த சோதனைகளில் விரல்விட்டு எண்ணக்கூடிய முறைகளுக்கே ஓரளவு பலன் தெரிந்தது. துறைமுகத்திலும் கிடங்குகளிலும் ஆண்டுக்கணக்கில் சுமை இறக்குபவர் மூன்றாம் நாளும் சிரித்துக்கொண்டே வருவதன் இரகசியம் இதுவே. அவர்கள் இரும்பால் ஆனவர்கள் அல்லர். அவர்கள் கால்களுக்குப் பழைய கணக்கில் வரவு இருக்கிறது. தறியிலிருந்து வந்தவருக்கு அந்த வரவு இல்லை. குழித்தறியில் அமர்ந்து மிதிபலகையை அழுத்தும் கால் நாள் முழுவதும் உழைக்கிறது என்பது மெய். ஆயின் அவ்வுழைப்பு பெரும்பாலும் தள்ளி அழுத்தும் உழைப்பு. உடற்பாரத்தைத் தாங்கி மெல்ல இறக்கும் வேலை அத்தொடைக்குப் பழக்கமேயில்லை. பத்து மணி நேரம் தறி மிதிப்பவருக்கு ஒரு மணி நேரப் பலகை இறக்கம் புதிது. நாற்றுநடவுக்கு ஆண்டில் ஒரு முறையே செல்லும் பெண்களுக்குத் தொடையின் பின்புறம் பிடித்துக்கொள்வதையும் இவ்வகையில் சேர்த்து எண்ணலாம். குனிந்து தாழும் ஒவ்வொரு முறையும் அத்தசை உடலின் மேற்பாதியைத் தாங்கியபடியே நீள்கிறது.

சட்டங்கள் எடையை நினைத்தன. இறக்கத்தை நினைக்கவில்லை என்பது நமது குறை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, காயம் விளைவிக்கத்தக்க அளவு பாரத்தை எவரையும் தூக்கச் செய்யலாகாது என்று விதித்தது. 1967-இல் சர்வதேசத் தொழில் அமைப்பு, வயது வந்த ஆண் ஒருவர் தூக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேற்படலாகாது என்று பரிந்துரைத்தது. பழைய நாளில் கிடங்குகளில் புழங்கிய 100 கிலோ சாக்கு இன்று பெரும்பாலும் 50 கிலோவாகக் குறைந்திருப்பது நல்ல மாறுதலே. ஆயினும் 50 கிலோவைச் சமதரையில் சுமப்பதும், சாய்ந்த பலகையில் சுமந்து இறங்குவதும் தொடைக்கு ஒன்றல்ல. முதல் நாளன்று வருபவருக்கும் பத்தாண்டு பழகியவருக்கும் ஒன்றல்ல.

இறக்கத்தை இவ்வளவு குறை கூறியபின் அதன் நன்மையையும் சொல்லாவிடில் நடுநிலை ஆகாது. மூச்சை வாங்காமல் தசைக்கு வேலை தருவதால், முதியோருக்கும் இதய பலம் குறைந்தோருக்கும் இறக்க உழைப்பு, அளவறிந்து வளர்த்தால், ஏற்றது. 2017-இல் தைவான் நாட்டில் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்றில், உடல் பருத்த முதிய பெண்களில் ஒரு சாராரைப் படி ஏறவும், மற்றொரு சாராரைப் படி இறங்கவும் மட்டும் 12 வாரம் பழக்கினர். இறங்குபவர் மேலே செல்ல மின்தூக்கி, ஏறுபவர் கீழே வர மின்தூக்கி. முடிவில் கால் வலு, எலும்பின் திண்மை, இரத்தத்தில் சர்க்கரையைக் கையாளும் திறன் ஆகியவற்றில் இறங்கியவர்களே கூடுதலான நன்மை பெற்றிருந்தனர். திருத்தணிக்குச் செல்லும் பெரியவர்கள் மலைச்சாலை வழியாக வண்டியில் மேலே போய், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முதல் முறை ஐம்பது படி மட்டும் இறங்கிப் பழகலாம். முழங்கால் நோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டுக்கொள்வது நலம்.

1904-இல் நமது மாவட்டத்துத் திரூரில் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது விவசாயியைக் கடன்காரனிடமிருந்து காக்க. கூலிக்குப் போகும் அங்கத்தினரை மூன்றாம் நாளிலிருந்து காக்கும் வேலையையும் சங்கங்கள் மேற்கொள்ளலாம் என்ற எண்ணத்தில், நமது சங்கத்தின் நிர்வாகக் குழு கிடங்குக்கு ஆள் அமர்த்தும் குத்தகைதாரருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறது. அதில் கேட்டிருப்பவை மூன்று: புதிதாக வருபவருக்கு முதல் நாள் பலகை இறக்கம் அரை மணி நேரத்துக்கு மேற்படாமல், மீதி நேரத்துக்குச் சமதரை வேலை தரவேண்டும், அடுத்த நான்கு நாள் இறக்க வேலையே தராமல், பின்னர் படிப்படியாகக் கூட்டவேண்டும், அந்நாள்களுக்குக் கூலி குறைக்கலாகாது. கடிதத்தோடு, பெட்டியேறி இறங்கிய சோதனையின் விவரத்தையும் எளிய தமிழில் எழுதி இணைத்திருக்கிறோம். முதல் இரண்டு கோரிக்கைகளுக்கு இசைவதாக வாய்மொழியாகத் தகவல் வந்துள்ளது. கூலி பற்றிய மூன்றாவதற்கு இன்னும் பதில் இல்லை. நமது அங்கத்தினரோ வருகிற ஐப்பசிக்கு முன்னதாகவே, தினந்தோறும் மாலையில் இருபது கிலோ நூல் மூட்டையொன்றைத் தோளில் வைத்துக்கொண்டு, தம் வீட்டு மாடிப்படியில் சிலமுறை இறங்கிப் பழகி வருகிறார். முதல் வாரம் தொடை சற்றுப் பிடித்ததாகவும், இப்போது ஒன்றும் தெரியவில்லை என்றும் சொல்கிறார்.